அப்பா தூங்கும் நேரத்துப் பாடம்

பிப்ரவரி 4, செவ்வாய்

ஸ்பிரிங் சப்ளையர் இன்று நேரிலேயே வந்துவிட்டார். போன தடவை அனுப்பிய ஸ்பிரிங் எல்லாம் துருப்பிடித்ததற்கு எங்கள் கோடவுன் காற்றுதான் காரணமாம். காற்றில் என்ன கோளாறு என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மொத்தத்தையும் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மெத்தைக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

சாயங்காலம் அதுவும் கெட்டது. மகள் வண்டுவைக் கூட்டி வரப் பள்ளிக்கூடம் போனால், கிளாஸ் மிஸ் வாசலிலேயே நிற்கிறார். மிஸ் வாசலில் நின்றால் நல்ல சேதியாக இருக்காது.

"உங்க பொண்ணுக்கு இன்னும் படிக்கவே வரலைங்க. புக்கைக் காட்டினா வாயை மட்டும் அசைக்கிறா. சத்தமே வர மாட்டேங்குது."

அடுத்த மாதம் நடுவில் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் ஒரு புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் அடுத்த வகுப்பு. இல்லாவிட்டால் இதே வகுப்பு, இதே பெஞ்சு, இன்னொரு வருடம். கூடப் படிக்கும் மற்ற பிள்ளைகள் எல்லாம் மாடிக்குப் போய்விடுவார்கள்.

"வீட்ல எழுத்தோட ஒலியை வச்சுப் படிக்கப் பழக்குற ஃபோனிக்ஸ் ஏதாவது வாங்கிச் சொல்லிக் குடுங்க. இப்பதான் எவ்வளவோ புரோகிராம் இருக்கே" என்றார் மிஸ்.

வண்டு என் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றாள். ஆறரை வயது. கைக்குழந்தையாக இருந்தபோது நாள் முழுக்க ரீங்காரம் போட்டதால் வந்த பெயர். இப்போது அப்படியெல்லாம் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

எங்கள் கம்பெனியில் மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு பொத்தான்கூட வாங்க முடியாது. பிள்ளையின் படிப்பு பொத்தானைவிடப் பெரிய விஷயம். மூன்று புரோகிராம், மூன்றுக்கும் சாம்பிள், ஒப்பிட்டுப் பார்த்து முடிவு. பதற வேண்டியதில்லை.

பதறவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நாத்தனாரிடம் போனில் விசாரித்தேன். தப்பு.

"என்ன அண்ணி, இப்பதான் ஆரம்பிக்கிறீங்களா? எங்க வீட்டுப் பையன் ரோட்ல போறப்ப வர்ற போர்டு ஒண்ணு விடாம படிக்கிறான். போன வாரம் பாத்ரூம் கிளீனர் பாட்டில படிச்சிட்டு வந்து, கண்ணுல பட்டா தண்ணி ஊத்திக் கழுவணுமாம்மாங்கிறான்."

அவள் பிள்ளைக்கு வாங்கியது பாட்டும் ஆட்டமுமாகச் சொல்லிக் கொடுக்கும் புரோகிராம். ஒவ்வொரு எழுத்தின் ஒலிக்கும் ஒரு பாட்டு, ஒரு சைகை. அதை முதல் கொட்டேஷனாக எடுத்துக்கொண்டேன். பேச்சைக் கேட்டதற்கு அதாவது மிஞ்சட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பட்டியல் முடிவானது. ஒன்று, பாட்டுக்காரி. இரண்டு, அட்டைப்பெட்டி, உள்ளே எழுத்து அட்டைகள், சேர்த்துச் சேர்த்துப் படிக்க வேண்டியதுதான். மூன்று, கரடி. கரடி என்பது போனில் வரும் ஆப். குழந்தை சரியாகச் சொன்னால் கரடி கைதட்டும், வாராவாரம் பெற்றோருக்கு ரிப்போர்ட் அனுப்பும்.

ரிப்போர்ட் அனுப்பும் சப்ளையரை எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

வண்டுவின் அப்பாவிடம் பள்ளிக்கூட விஷயத்தைச் சொல்ல நினைத்தேன். வாரத்தில் இவர் பகலில் முழித்திருப்பது இன்று ஒரு நாள்தான். வண்டுவைத் தோளில் ஏற்றிக்கொண்டு பலூன் ஊதிக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பாடமும் கிடையாது, பிரச்சினையும் கிடையாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

பாட்டுக்காரி, முதல் பாடம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். இவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் ஆறு வரை தூக்கம். நானும் வண்டுவும் வீட்டுக்கு வருவது நாலரைக்கு. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று வாடகை வாங்கும் ஓனர்தான் சொல்கிறார். அதனால் இவர் எழும்வரை எங்கள் வீட்டில் எல்லாமே கிசுகிசுப்புதான். வண்டுவுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்ததும் போன வருடம் இப்படித்தான்.

இது இவர் கேட்ட ஏற்பாடு இல்லை. மூன்று வருடம் முன்பு வண்டுவுக்கு விடாமல் காய்ச்சல் அடித்தது. பகலெல்லாம் தூங்காமல் வேலைக்குப் போய், அடுப்புத் தட்டு முன்கையில் பட்டு, தோல் உரிந்து வந்து நின்றார். "ஒண்ணுமில்ல, கண்ணு அசந்துட்டேன்" என்றார். அன்றைக்கு நான் போட்ட சட்டம்.

எனவே பாட்டைப் பாடாமல் சைகை மட்டும் செய்தோம். பாம்புக்கு உள்ளங்கையை வளைக்க வேண்டும், முரசுக்கு இரண்டு கையாலும் காற்றில் அடிக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் தாயும் மகளும் கொசு அடிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

அட்டைப்பெட்டி. சத்தமில்லாத புரோகிராம் என்று நம்பித்தான் எடுத்தேன். மொத்தக் கட்டும் மேசையிலிருந்து சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றோம். உள்ளே இவர் ஒரு முறை இருமினார், அவ்வளவுதான்.

பிறகு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். வண்டு ஒவ்வொரு அட்டையையும் என் காதருகில் கொண்டுவந்து ஏதோ சொன்னாள். காதில் காற்றுதான் வந்தது. எல்லா எழுத்தும் சைக்கிள் டியூப் ஓட்டை மாதிரியே கேட்கிறது.

ஒப்பீட்டுத் தாளில் "தெளிவு: போதாது" என்று எழுதினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கரடி. போனில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் திறந்தேன். ஒலியைச் சொல்லிக் கொடுக்கும் ஆப்பை ஒலியில்லாமல் ஓடவிட்டிருக்கிறேன் என்பது பத்து நிமிடம் கழித்து உறைத்தது. ஆனாலும் வண்டு சிரித்துக்கொண்டே விளையாடினாள் (சத்தமில்லாமல்).

கரடி வாயைத் திறந்து மூடியது. அடுத்து மைக் படம் வந்தது. இப்போது குழந்தை சொல்ல வேண்டும். வண்டு போனுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள். கரடி காதில் கைவைத்தது. மறுபடி சொன்னாள். கரடி தலையை ஆட்டியது. மூன்றாவது தடவை கரடி உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டது.

"ஏம்மா அழுவுது?" என்றாள் வண்டு, என் காதில்.

"அதுக்குப் பசி" என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கரடியின் வார ரிப்போர்ட்: "உங்கள் குழந்தை இன்னும் முதல் ஒலியைச் சொல்லவில்லை. கவலைப்படாதீர்கள்! ஒவ்வொரு குழந்தையும் ஒரு நட்சத்திரம்."

கிளாஸ் மிஸ்ஸும் அதையேதான் சொல்கிறார், நட்சத்திரம் இல்லாமல். ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு இடத்திலிருந்து ஒரே ரிப்போர்ட் வந்தால் சரக்கில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்வது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

என் பிள்ளையைச் சரக்கு என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு எழுத நினைத்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 26, புதன்

இன்னைக்கு நான் நல்லா நடந்துக்கல.

ஆபீசில் துணிக்காரரோடு தகராறு, பஸ்ஸில் இடமில்லை, நாத்தனாரிடமிருந்து அவள் பையன் செய்தித்தாள் வாசிக்கும் வீடியோ. வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்து வைத்தேன். வண்டு வாயை அசைக்கிறாள். என்ன சொல்ற? மறுபடி அசைக்கிறாள். என்னடி சொல்ற, வாயில என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன் — கத்தினேன் என்றால் கிசுகிசுப்பாகத்தான். கிசுகிசுப்பாகத் திட்டுவது பெரிய கஷ்டம். பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது, முகம் விகாரமாகிவிடுகிறது. சத்தமாகத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அழுதாள். அதுவும் சத்தமில்லாமல். வாயை அகலத் திறந்து, ஒரு பொட்டுச் சத்தம் வராமல், கண்ணிலிருந்து தண்ணி மட்டும்.

ஆறரை வயசுப் பிள்ளைக்கு இப்படி அழ யார் சொல்லிக் கொடுத்தது? நான்தானே?

மார்ச் 3, திங்கள்

வேலை என்று வந்தால் கொஞ்சம் தெளிகிறேன். கரடிக் கம்பெனியின் விற்பனைப் பையனைப் போனில் பிடித்தேன். டெலிவரி எத்தனை நாளில் என்று கேட்டேன்.

"மேடம், இது ஆப். டெலிவரியெல்லாம் கிடையாது."

"சரக்கு சரியில்லன்னா ரிட்டர்ன்?"

"எதை மேடம் ரிட்டர்ன் பண்ணுவீங்க?"

நியாயமான கேள்வி. போனை வைத்துவிட்டேன். ஒப்பீட்டுத் தாளில் மூன்று புரோகிராமும் ஒரே மாதிரி தோற்றிருக்கின்றன. என் அனுபவத்தில் இப்படி ஆனதே இல்லை. ஒன்றாவது சுமாராக இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலைச் சாப்பாட்டின்போது, இனி மறைக்க முடியாது என்று இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் சொன்னது, மூன்று புரோகிராம், வெள்ளிக்கிழமை வாசிப்புத் தேர்வு, இன்னொரு வருடம் அதே வகுப்பு. "பொண்ணுக்குப் படிக்கவே வரலைங்க" என்றேன்.

இவர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"யாருக்கு? வண்டுவுக்கா? தினம் எனக்குப் படிச்சுக் காட்டுறாளே."

"என்னது?"

"நீ குளிக்கப் போறப்ப வருவா. கட்டில்ல உக்காந்து படிப்பா. ஆடு தொப்பியத் தின்ன கதை. அப்புறம் எங்க பாக்டரி ரொட்டிக் கவர், அதுல இருக்கிறதெல்லாம். ஒரு தப்புகூட இல்ல. நீதான் பாடம்னு அனுப்புறேன்னு நெனச்சேன்."

"நீங்க முழிச்சிட்டா இருப்பீங்க?"

"கண்ணைத் தொறந்தா நிறுத்திடுவா. அதான் தூங்குற மாதிரியே இருப்பேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். ஏன், உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மிஸ்ஸுக்குத் தெரியாது. கரடிக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் என் மகள் படிப்பாள் என்று தெரிந்த ஒரே ஆள், தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்த ஆள்.

மார்ச் 10, திங்கள்

குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, திருடி மாதிரி வந்து படுக்கையறைக் கதவோரம் நின்றேன்.

வண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறாள். ஆடு தொப்பியைப் பார்த்தது. தொப்பி ஆட்டைப் பார்க்கவில்லை. முழுக்கக் காற்றுக் குரல். ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறாள், ஆடு பேசும்போது ஆடாகவே பேசுகிறாள். இவர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். போர்வைக்கு வெளியே கால் கட்டைவிரல் மட்டும் கதைக்கு ஏற்ப ஆடுகிறது.

தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று கேட்டால், இரண்டும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "அவளுக்கு நல்லாப் படிக்கத் தெரியும் மிஸ். கிசுகிசுன்னுதான் படிப்பா."

மிஸ் என்னைப் பாவமாகப் பார்த்தார். எல்லா அம்மாவும் இதைத்தான் ஏதோ ஒரு விதத்தில் சொல்வார்கள் போல. "கிளாஸ்ல நாப்பது பேருங்க. எனக்குக் கேக்கணுமில்ல? ஹெட்மிஸ்ட்ரஸ் உரக்க வாசிக்கணும்னுதான் சொல்லியிருக்காங்க."

வண்டுவைப் பார்க்குக்குக் கூட்டிப்போய் மரத்தடியில் உட்கார வைத்து, இங்கே சத்தமாகப் படி என்றேன்.

"படிக்கிறப்ப சத்தம் போடக் கூடாதும்மா."

"ஏன்?"

"அப்பா தூங்குறார்."

"அப்பா வீட்லதானே தூங்குறார்? இங்க இல்லையே."

"வீட்ல தூங்குறார்தானே?" என்றாள். என்னைத்தான் மந்தமான பிள்ளையாக நினைத்துவிட்டாள். பந்து விளையாடும்போது கத்துவாள், சறுக்குமரத்தில் கத்துவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் குரல் அடங்கிவிடுகிறது. படிப்பது என்றால் அவளுக்கு அதுதான். நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அட்டை அட்டையாக, சைகை சைகையாக.

"அப்பா முழிச்சிருந்தா?" என்றேன்.

யோசித்தாள். "அப்ப படிக்கலாம்."

மார்ச் 12, புதன்

"எத்தனை மணிக்கு?" என்றார் இவர்.

"பதினொண்ணு. உங்களுக்கு நடு ராத்திரி மாதிரி."

"வர்றேன்."

"தூங்காம அடுப்புக்குப் போகக் கூடாதுங்க." எனக்கு அந்த முன்கைதான் ஞாபகம் வந்தது.

"ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றேன், பரீட்சைக்கு அப்புறம் வர்ற ராத்திரிக்கு லீவு சொல்லிட்டேன்" என்றார். பதினோரு வருடத்தில் இவர் லீவு கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்குக் கேட்டதாகச் சொல்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

ஹெட்மிஸ்ட்ரஸ் அறை. மேசை, பூகோள உருண்டை, சுவரோரம் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள். பெரிய நாற்காலி இரண்டையும் ஹெட்மிஸ்ட்ரஸும் மிஸ்ஸும் எடுத்துக்கொண்டதால் இவர் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். சட்டை காலரில் மாவு. தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தவர்.

கொடுத்தது புதுப் புத்தகம், வண்டு பார்த்தே இராதது. குளத்தைத் தேடிப் போகும் தவளை. வண்டு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணை அகல விரித்துக் காட்டினார்.

படித்தாள். சத்தமாக! முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கணீரென்று. இவ்வளவு பெரிய குரலா இவளுக்கு? மிஸ்ஸின் புருவம் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

மூன்றாம் பக்கத்தில் இவர் தலை சரிந்தது.

ஐயோ. தூங்கிட்டார். ஏங்க இப்படி. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த மனிதர். பத்து நிமிடம் தாங்கியதே பெரிது. வண்டு பக்கத்தைத் திருப்பும்போது பார்த்துவிட்டாள். குரல் பாதியானது. அடுத்த வரியில் கால்வாசி. பிறகு வெறும் காற்று.

இவர் விலாவில் இடிக்கக் கையை நீட்டினேன். அப்போது ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வண்டுவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மிஸ் மறுபக்கம் வந்து தரையிலேயே மண்டியிட்டார். இரண்டு தலையும் வண்டுவின் தலையோடு ஒட்டிக்கொண்டன. தவளை குளத்தைக் கண்டுபிடிக்கும் வரை யாரும் அசையவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்ததும் மிஸ் நிமிர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாமே படிச்சிட்டா" என்றார், அவரும் கிசுகிசுப்பாக.

ஹெட்மிஸ்ட்ரஸ் வாசல் வரை வந்தார். "இவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே, எந்த புரோகிராம்?"

"இன்னும் சாம்பிள்தான் பாத்துட்டு இருக்கோம்" என்றேன்.

இவரை எழுப்பிக் கூட்டிவந்தோம். வண்டு தேறிவிட்டாள் என்று பஸ் நிறுத்தத்தில் சொன்னேன். "தெரியும்" என்றார்.

மார்ச் 17, திங்கள்

மூன்று புரோகிராமும் வேண்டாம் என்று ஃபைலை மூடினேன். கரடிக்கு மட்டும் காரணம் எழுத வேண்டியிருந்தது. "காது கேட்கவில்லை" என்று எழுதினேன்.

மார்ச் 20, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து புதுக் கதைப் புத்தகம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். தண்ணீரைக் கண்டால் பயப்படும் கப்பல் கேப்டன். வீட்டுக்கு வந்ததும் வண்டு வழக்கம்போல என் காதைத் தேடினாள்.

"இனிமே சத்தமாப் படி" என்றேன்.

"அப்பா எந்திரிச்சிடுவாரே."

"எந்திரிக்கட்டும். ஒரு நாள்தானே." சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் திக்கென்றுதான் இருந்தது.

ஹாலில் நின்று ஒரு பக்கம் படித்தாள். உள்ளே அசைவில்லை. படுக்கையறை வாசலில் நின்று படித்தாள். இல்லை. உள்ளே போய்த் தலைமாட்டில் நின்று படித்தாள். புயல் வரும் இடத்தில் கேப்டன் கத்துகிறார், இவளும் கத்தினாள். எதிர் பால்கனியில் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். நான் போனை எடுத்து, கரடியைத் திறந்து, முழுச் சத்தத்தில் இவர் காதருகில் கைதட்ட விட்டேன். இவர் குறட்டையின் சுருதிகூட மாறவில்லை.

இவர் வேலை செய்யும் இடத்துக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். மாவு பிசையும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் பக்கத்து ஆளிடம் கத்தித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குக் காது அடைத்தே இருந்தது. அந்தச் சத்தத்தில் இடைவேளைக்கு மூட்டை மேல் படுத்துத் தூங்கி எழுகிற மனிதர் இவர். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் மூன்று வருடமாகப் பூனை நடை நடந்திருக்கிறேன், பிள்ளையையும் நடக்க வைத்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டால் தூக்கம் கெடும் என்று கேட்கவில்லை.

வண்டுவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கால் வலிக்கிறது என்று கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் கம்பெனி மெத்தை. ஒரு பக்கம் யானை உட்கார்ந்தாலும் மறுபக்கம் தெரியாது என்று விளம்பரம் செய்கிறோம்.

மெத்தை அமுங்கியதும் இவர் கண்ணைத் திறந்தார்.

"எங்க விட்ட?" என்றார் அவளிடம்.